இரண்டு புதிய அணிகள், 60 வீரர்கள்: சிறுவர்களைத் தேடிச் செல்லும் ரக்பி லீக் கிளப்புகள்

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் 17 அணிகள் உள்ளன. 2027-ஆம் ஆண்டில் பெர்த் நகரின் அணியும், 2028-ஆம் ஆண்டில் பப்புவா நியூ கினியாவின் அணியும் சேர, இந்த எண்ணிக்கை 19 ஆக உயரவுள்ளது. ஓர் அணியின் முதன்மைப் பட்டியலில் 30 வீரர்கள் இடம்பெறுவர். எனவே இரண்டு ஆண்டுகளுக்குள் புதிதாக 60 முதல்தர வீரர்கள் தேவைப்படுகின்றனர். அவர்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள் என்பதே அந்நாட்டு விளையாட்டு வட்டாரங்களில் இன்று எழுந்துள்ள முக்கியக் கேள்வி.

அணிகள் கூடலாம், ஆனால் விளையாடத் தகுதியுள்ள இளைஞர்கள் ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை. அதனால் கிளப்புகளின் பார்வை கீழ்நோக்கித் திரும்புகிறது. முன்பு 18 வயதில் நடந்த ஒப்பந்தப் பேச்சு, இப்போது பள்ளி மாணவர்களின் வீட்டு வரவேற்பறைகளில் நடக்கிறது. இந்தப் போட்டியில் யார் லாபம் அடைகிறார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஆராய்வது அவசியம்.

ஊதியத்திற்காகப் பிறந்த ஆட்டம்

ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் விளையாடும் ஆட்டம். 15 பேர் விளையாடும் ரக்பி யூனியனிலிருந்து இது பிரிந்ததற்குக் காரணமே பணம்தான். இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த தொழிலாளர்கள், ஆட்டத்திற்காக வேலையை விட்டு வரும்போது கூலியை இழந்தனர். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று வடக்கு கிளப்புகள் கோரின. தலைமை அமைப்பு மறுத்தது. 1895-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய கிளப்புகள் தனி அமைப்பைத் தொடங்கின. 1908-இல் சிட்னியிலும் இந்த ஆட்டத்தின் போட்டி தொடங்கியது.

ஆக, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளையின் திறமைக்கு உரிய விலை என்ன என்ற கேள்வி இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 130 ஆண்டுகள் கடந்தும் அதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

ஏலமும் இல்லை, வரிசைமுறைத் தேர்வும் இல்லை

இந்திய ரசிகர்களுக்கு ஐ.பி.எல். ஏலம் நன்கு பழக்கமானது. 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் ராயல்ஸ் அணி ரூ.1.10 கோடிக்கு வாங்கியது. அனைவரும் காணத் திறந்த அரங்கில் விலை முடிவானது. ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்திலோ, புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை உள்ளது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும்.

ரக்பி லீக்கில் இந்த இரண்டும் இல்லை. 1990-இல் சிட்னி நிர்வாகம் வரிசைமுறைத் தேர்வைக் கொண்டுவந்தது. வீரர்கள் நீதிமன்றம் சென்றனர். விரும்பிய இடத்தில் தொழில் செய்யும் உரிமையை அது நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது என்று 1991-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்து, அந்த முறையை ரத்து செய்தது. அன்று முதல், ஓர் இளைஞரை முதலில் கண்டுபிடித்து, அவரது குடும்பத்தின் நம்பிக்கையை யார் பெறுகிறாரோ அவருக்கே அந்த இளைஞர் என்ற நிலை தொடர்கிறது.

இதன் விளைவாகத்தான் திறமை தேடுவோரின் பணி இந்த ஆட்டத்தில் இத்தனை முக்கியத்துவம் பெற்றது. ஒவ்வொரு கிளப்பும் அவர்களை ஊர் மைதானங்களுக்கும் பள்ளிப் போட்டிகளுக்கும், நியூசிலாந்து, ஃபிஜி, சமோவா, டோங்கா போன்ற நாடுகளுக்கும் அனுப்புகிறது.

படிக்கட்டு எப்படி அமைந்துள்ளது?

பயணம் ஊர் கிளப்பின் சனிக்கிழமை ஆட்டங்களில் தொடங்குகிறது. சிட்னியிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹரால்ட் மேத்யூஸ் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃபிளெக் கோப்பை என்று அடுக்கடுக்காகப் போட்டிகள் உள்ளன. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சிரில் கானல், மால் மெனிங்கா ஆகியோரின் பெயர்களில் இதே போன்ற போட்டிகள் நடக்கின்றன. இவற்றைக் கடந்தவர் மாநில அளவிலான முதியோர் போட்டிக்கும், அங்கிருந்து தேசியப் போட்டிக்கும் உயர்கிறார்.

பள்ளிகள் மற்றொரு வாயில். நியூசிலாந்தின் ஃபாகாட்டனே என்ற சிற்றூரைச் சேர்ந்த பெஞ்சி மார்ஷல், குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் உள்ள கீப்ரா பார்க் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு உதவித்தொகையுடன் வந்தார். அங்கு அவரது ஆட்டத்தைக் கண்ட வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. 2003-இல் அறிமுகமான அவர், 2005-இல் அந்த அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பின்னாளில் அதே கிளப்பின் பயிற்சியாளராகவும் ஆனார். ஒரு பள்ளி உதவித்தொகை ஒரு கிளப்பின் வரலாற்றையே மாற்றியதற்கு இது சான்று.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் தேர்வாளர் எதைப் பார்க்கிறார்? உயரமும் வேகமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. அவற்றைக் காண நிபுணர் தேவையில்லை. பந்தைத் தவறவிட்ட அடுத்த நொடியில் அந்தச் சிறுவன் என்ன செய்கிறான், எதிரியை மடக்கி வீழ்த்திய பின் எவ்வளவு விரைவாக எழுந்து தற்காப்பு வரிசைக்குத் திரும்புகிறான், உடல் சோர்ந்த கடைசி நிமிடங்களில் சக வீரர்களுடன் பேசுகிறானா, மௌனமாகிறானா என்பவையே அவரது குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன. பள்ளி வருகை, வீட்டுச் சூழல், ஆசிரியர்களின் கருத்து ஆகியவையும் விசாரிக்கப்படுகின்றன. வேகத்தையும் ஓடிய தூரத்தையும் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எனினும் மனத்திண்மையை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை.

பென்ரித் காட்டிய வழி

சொந்த மண்ணில் வீரர்களை விளைவிப்பதில் பென்ரித் பேந்தர்ஸ் கிளப்பே அண்மைக்காலத்தின் முதன்மை எடுத்துக்காட்டு. சிட்னியின் மேற்கே, நீலமலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ள இந்த வட்டாரம், நாட்டின் மிகப் பெரிய இளையோர் ரக்பி லீக் களங்களில் ஒன்று. நீண்ட காலம் அங்கு விளைந்த திறமையைப் பிற கிளப்புகளே அறுவடை செய்துவந்தன. 2011-இல் பொறுப்பேற்ற ஃபில் கூல்ட் தலைமையிலான நிர்வாகம், வெளியிலிருந்து விலைக்கு வாங்குவதைக் குறைத்து, உள்ளூர் இளைஞர்களை வளர்ப்பதையே கொள்கையாகக் கொண்டது. தனி அகாடமி கட்டப்பட்டது. டப்போ, டெமோரா போன்ற உட்பகுதி ஊர்களின் மீதும் கவனம் செலுத்தப்பட்டது.

பலன் உடனே கிடைக்கவில்லை, பத்தாண்டுகள் ஆயின. ஆனால் கிடைத்தபோது அது வரலாறு ஆனது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பென்ரித் கோப்பையை வென்றது. 1956 முதல் 1966 வரை 11 முறை வென்ற செயின்ட் ஜார்ஜ் அணிக்குப் பின், தொடர்ந்து நான்கு முறை வென்ற அணி இதுவே. 2022-இல் தேசியக் கோப்பையுடன் மாநில முதியோர் கோப்பை, ஜெர்சி ஃபிளெக், எஸ்.ஜி. பால் ஆகியவற்றையும் இதே கிளப் வென்றது. ஒரே ஆண்டில் மூத்தோர் முதல் இளையோர் வரை நான்கு நிலைகளிலும் வெற்றி!

நேதன் கிளியரி, பிரையன் டோஓ, ஜெரோம் லுவாய், ஸ்டீபன் கிரைட்டன் ஆகியோர் அங்கு ஒன்றாக வளர்ந்தவர்கள். ஐசா யோ டப்போவிலிருந்தும், லியம் மார்ட்டின் டெமோராவிலிருந்தும் வந்தவர்கள். சிறுவயது முதல் ஒருவரது அசைவை மற்றவர் அறிந்திருந்ததே அந்த அணியின் பெரும் பலம் என்று கருதப்படுகிறது.

வளர்த்தவர் ஒருவர், கொள்பவர் வேறொருவர்

இந்த வெற்றியே அந்தக் கிளப்புக்குச் சோதனையாகவும் அமைந்தது. எல்லா அணிகளும் சமபலத்துடன் இருக்க வேண்டும் என்பதற்காக ஊதிய உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. ஓர் அணி தனது முதன்மை வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவிலேயே செலவிட முடியும். ஒரே சமயத்தில் பத்து இளைஞர்கள் நட்சத்திரங்களானால், பத்து பேரையும் வைத்துக்கொள்ள இயலாது.

மேட் பர்ட்டனும், அவருக்குப் பின் கிரைட்டனும் கேன்டர்பரி கிளப்புக்குச் சென்றனர். லுவாய் 2025-இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணிக்கும், ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் நியூசிலாந்து வாரியர்ஸ் அணிக்கும் சென்றனர். வளர்த்த கிளப்புக்கு இதற்காகக் கிடைத்த ஈடு மிகச் சொற்பம். ஒரே கிளப்பில் நீண்ட காலம் விளையாடியோருக்கும் அங்கேயே வளர்ந்தோருக்கும் உச்சவரம்பில் சிறு சலுகை உண்டு. அது போதாது என்பது இளையோர் வளர்ப்பில் பணம் செலவிடும் கிளப்புகளின் நெடுநாள் மனக்குறை.

வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியும் இதே வலியை உணர்ந்தது. லக்லன் கால்வின் என்ற 19 வயது வீரர் ஒப்பந்த நீட்டிப்பை மறுத்து, 2025-ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவிலேயே கேன்டர்பரி அணிக்கு மாறினார். தனக்குப் பிடித்த இடத்தில் விளையாட அவருக்கு முழு உரிமை உண்டு. 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரமும் அதுதான். ஆயினும் கன்று நட்டு நீர் ஊற்றியவருக்கு ஒன்றுமே இல்லை என்றால், நாளை நடுவதற்கு யார் முன்வருவார் என்ற கிளப்புகளின் கேள்வியையும் புறந்தள்ள முடியாது.

போட்டி ஆட்டத்திற்குள் மட்டும் முடிவதில்லை. ஜோசப் அகுசோ சுவாலி 2021-இல் 17 வயதிலேயே சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். 18 வயது நிறைவடைய வேண்டும் என்ற விதியிலிருந்து அவருக்குச் சிறப்பு விலக்கு அளிக்கப்பட்டது. அத்தனை முயற்சிக்குப் பின் அவர் 2024-ஆம் ஆண்டு இறுதியில் ரக்பி யூனியனுக்குச் சென்றுவிட்டார். அரிய திறமையைப் பெற விதியையே தளர்த்திய ஆட்டம், நான்கு பருவங்களுக்குள் அந்தத் திறமையைப் போட்டி ஆட்டத்திடம் இழந்தது.

பிறர் காணாததைக் காணும் கலை

எல்லா நகரங்களும் பென்ரித் போல் வளமான நிலம் அல்ல. ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்தின் கோட்டையான மெல்பர்னில் 1998-இல் களமிறங்கிய ஸ்டார்ம் அணிக்கு உள்ளூர் இளையோர் வளம் மிகக் குறைவு. அந்த அணி குயின்ஸ்லாந்தின் துணை கிளப்புகள் வழியாகப் பிறர் தவறவிட்டவர்களைத் தேடியது. குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த இன்னிஸ்ஃபெயில் இளைஞர் பில்லி ஸ்லேட்டர், அந்த வழியில் வந்து ஆட்டத்தின் மிகச் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவரானார்.

பப்புவா நியூ கினியாவின் சிம்பு மலைப்பகுதியைச் சேர்ந்த ஜஸ்டின் ஓலாம் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. லே நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். அந்நாட்டின் ஹன்டர்ஸ் அணி வழியாக இருபது வயதைக் கடந்த பின்னரே ஆஸ்திரேலியக் கிளப்பின் கண்ணில் பட்டார். 2020-இல் ஸ்டார்ம் அணி கோப்பையை வென்றபோது அதில் அவர் இருந்தார். அடுத்த ஆண்டில் தமது நிலையில் சிறந்த வீரருக்கான விருதையும் பெற்றார். 15 வயதில் முத்திரை குத்தும் முறை மட்டுமே இருந்திருந்தால் ஓலாம் கிடைத்திருக்க மாட்டார்.

பிறந்த மாதம் தீர்மானிக்கும் விதி

இங்குதான் அறிவியல் ஓர் எச்சரிக்கையை முன்வைக்கிறது. ஆண்டின் தொடக்க நாளை வைத்து வயதுப் பிரிவு கணக்கிடப்பட்டால், ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே அணியில் நிற்பர். 14 வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது உடல் எடையிலும் வலுவிலும் பெரும் வேறுபாடு. மோதி விளையாடும் ஆட்டத்தில் அந்த வேறுபாடு திறமையாகத் தோற்றமளிக்கும். இளையோர் தேர்வு அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோரின் விகிதம் அதிகமாக இருப்பதை ரக்பி லீக் குறித்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நல்ல பயிற்சியாளரும் உடற்பயிற்சிக் கூடமும் சத்துணவும் கிடைக்கின்றன. விடுபட்டவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் முன்னவர் சிறந்து விளங்கினால், தேர்வாளரின் கணிப்பு சரி என்று தோன்றும். உண்மையில் கணிப்பு பலித்ததா, கணித்ததால் பலித்ததா என்பதைப் பிரித்தறிவது கடினம். தேர்வு வயது குறையக் குறைய இந்தப் பிழை பெருகும்.

கனவு கலைந்தவர்கள்

தேர்வானவர்களிலும் பெரும்பாலோர் முதல்தர ஆட்டத்தை எட்டுவதில்லை. 2008 முதல் 2017 வரை 20 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி நடத்தப்பட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பு, விமானப் பயணம், முகவர்கள் என்று பதின்பருவத்திலேயே நட்சத்திர வாழ்வு கிட்டியது. ஆனால் அதற்கு அப்பால் கதவு மிகக் குறுகியதாக இருந்தது. 2013-இல் இளம் வீரர்கள் சிலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட துயரம், வீரர் நலன் குறித்த கடும் கேள்விகளை எழுப்பியது. பின்னர் அந்தத் தேசியப் போட்டி நிறுத்தப்பட்டு, மாநில அளவிலான போட்டிகள் மீண்டும் வந்தன. கல்விக்கும் வேலைக்குமான வழிகாட்டலும் மனநல ஆதரவும் கிளப்புகளின் பொறுப்பாயின.

முதல்தர வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பசிபிக் தீவுகளின் வழிவந்தவர்கள். அவர்களில் பலருக்கு ஒப்பந்தம் என்பது தனிமனித வருமானம் அல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர், தேவாலயம், சொந்த ஊர் என விரிந்த குடும்பத்தின் எதிர்பார்ப்பு. தாய்நாட்டை விட்டு 15 வயதில் விடுதிக்கு வரும் சிறுவன், தோல்வியை வீட்டில் சொல்லவே அஞ்சுகிறான். இந்தச் சுமையைப் புரிந்துகொள்ளாமல் அவனது ஓட்ட வேகத்தை மட்டும் அளக்கும் கிளப், பாதி மனிதனைத்தான் பார்க்கிறது.

இங்கிலாந்தின் அனுபவம்

ஆட்டம் பிறந்த இங்கிலாந்திலும் இதே விவாதம் நடக்கிறது. விகன் கிளப் தனது ஊர் மைதானங்களிலிருந்தே தலைமுறை தலைமுறையாக வீரர்களை உருவாக்கி வருகிறது. ஆன்டி ஃபாரல் 16 வயதில் அந்த அணிக்காக அறிமுகமானவர். 2024-இல் போட்டியிட்ட நான்கு பெரிய பட்டங்களையும் விகன் வென்றது.

ஆனால் 2021-இல் உயர்நிலை அகாடமிகளுக்கான உரிமங்களைத் தேசிய நிர்வாகம் புதிதாக வழங்கியபோது, காசில்ஃபோர்ட், பிராட்ஃபோர்ட் உள்ளிட்ட கிளப்புகளுக்கு அவை மறுக்கப்பட்டன. திறமையைச் சில இடங்களில் குவித்தால் தரம் உயரும் என்பது நிர்வாகத்தின் வாதம். ஒரு நகரின் அகாடமியை மூடினால் அந்நகரின் சிறுவர்கள் ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள் என்பது கிளப்புகளின் பதில். எதிர்ப்பு வலுத்த பின் முடிவு மறுபரிசீலனை செய்யப்பட்டது. இதற்கிடையே டொமினிக் யங், கை பியர்ஸ்-பால் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் அணிக்குச் சென்றனர். அங்கும் வளர்த்தவர் ஒருவர், கொள்பவர் வேறொருவர்.

2028 வைக்கும் தேர்வு

பப்புவா நியூ கினியாவின் வரவு இந்த அமைப்பையே மாற்றக்கூடியது. ரக்பி லீக் அந்நாட்டின் தேசிய விளையாட்டு. ஹன்டர்ஸ் அணி 2014-இல் குயின்ஸ்லாந்து போட்டியில் சேர்ந்து, 2017-இல் கோப்பையையும் வென்றது. புதிய அணிக்கும் பசிபிக் பகுதியின் விளையாட்டு வளர்ச்சிக்குமாக, பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் வழங்க ஆஸ்திரேலிய அரசு 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. சீனாவின் செல்வாக்கு குறித்த கவலையும் இந்த முடிவின் பின்னணியில் உள்ளது என்பது வெளிப்படை.

பணம் வந்துவிட்டது, காலம்தான் குறைவு. பென்ரித் பத்தாண்டுகள் காத்திருந்தது. புதிய அணிக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் ஆண்டுகளில் வெளிநாட்டு நட்சத்திரங்களை நம்பியே அது களமிறங்க நேரிடலாம். அதனுடன் நிற்காமல் மலைக்கிராமங்களின் பள்ளிகளுக்கும் மைதானங்களுக்கும் பணம் சென்று சேர்கிறதா என்பதே இத்திட்டத்தின் உண்மையான அளவுகோல்.

பெண்கள் ஆட்டமும் இதே திருப்பத்தில் நிற்கிறது. 2018-இல் நான்கு அணிகளுடன் தொடங்கிய பெண்கள் தேசியப் போட்டி, 2025-இல் 12 அணிகளாக வளர்ந்தது. சிறுமிகளுக்கான வயதுப் பிரிவுப் போட்டிகளும் உருவாகிவிட்டன. ஆண்கள் பிரிவில் நடந்த பிழைகளைத் திரும்பச் செய்யாமலிருக்க அங்கு இன்னும் வாய்ப்பு உள்ளது.

இந்தப் போட்டி கூர்மையடையும் வேளையில் மூன்று செயல்கள் அவசரமாகின்றன. முதலாவது, வளர்த்த கிளப்புக்கும் அதற்கு முன் வளர்த்த ஊர் கிளப்புக்கும் நியாயமான ஈடு. இரண்டாவது, 15 வயதில் விடுபட்டவர் 20 வயதில் திரும்பி வரக் கதவைத் திறந்துவைத்தல். மூன்றாவது, தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்திற்கு வெளியே ஒரு படிப்போ தொழிலோ உறுதி செய்தல். முதலாவது நிறைவேறினால் ஊர் கிளப்புகள் நிலைக்கும். இரண்டாவது நிறைவேறினால் இன்னொரு ஓலாம் கிடைப்பார். மூன்றாவது நிறைவேறாவிட்டால், அந்த 60 இடங்களுக்காக வீட்டை விட்டுப் புறப்படும் நூற்றுக்கணக்கான சிறுவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்புவார்கள்.